கையில் தட்டுப்படாத இம்ப்ளான்ட்: கிளினிக்கிலேயே கீறித் தேடலாமா?

சாட்ஸ்வொர்த் சிஸ்டர்: 2014-ல் இம்ப்ளானான் என்எக்ஸ்டி (மேல்கையில் தோலுக்கு அடியில் வைக்கும் கருத்தடைக் குச்சி) நம் தென்னாப்பிரிக்க அரசு கிளினிக்குகளுக்கு வந்தபோது போடத்தான் பயிற்சி கிடைத்தது, எடுக்கப் போதவில்லை. அதனால் சரியாகத் தட்டுப்படாததை எல்லாம் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதி அனுப்புகிறோம். அந்தப் பெண் கூலியை விட்டு அங்கே வரிசையில் நிற்க வேண்டும். தழும்புக்குக் கீழே சின்னதாகக் கீறி ஃபோர்செப்ஸால் தேடினால் என்ன?

டர்பன் ரேடியோ (எக்ஸ்ரே, ஸ்கேன் பார்ப்பவர்): கூடவே கூடாது அக்கா. ஊசி நுழைந்த இடத்தைத்தான் தழும்பு காட்டும். குச்சி 4 செ.மீ. நீளம், 2 மி.மீ. தடிமன். ஆழமாகப் போட்டிருந்தால் தசைக்குள் ரத்தக்குழாய், நரம்புகளை ஒட்டிக் கிடக்கும். கண்ணை மூடிக்கொண்டு ஃபோர்செப்ஸை விரித்தால், மேல்கையின் உள்பக்கமாக விரல்களுக்குப் போகும் அல்னார் நரம்பு அடிபடலாம். சுண்டுவிரலும் மோதிரவிரலில் பாதியும் மரத்துப் பிடி தளரும். என்எக்ஸ்டி-யில் பேரியம் இருக்கிறது, எக்ஸ்ரேயில் தெரியும். முதலில் கையை இரண்டு கோணத்தில் எடுங்கள், அல்லது 10 மெகாஹெர்ட்ஸுக்குக் குறையாத லீனியர் ப்ரோபில் அல்ட்ராசவுண்ட் பாருங்கள். கையில் இல்லையா, மார்பு எக்ஸ்ரே. ரத்தக்குழாய்க்குள் போய் நுரையீரல் தமனியில் நின்ற குச்சிகள் பதிவாகியுள்ளன.

சாட்ஸ்வொர்த் சிஸ்டர்: நுரையீரல் என்றாலே பெண்கள் மிரண்டு ஓடுவார்கள் தம்பி. மிக அபூர்வமாக வருவதற்கு இத்தனை பேச்சு! எச்ஐவி-க்கு எஃபாவிரென்ஸோ காசநோய்க்கு ரிஃபாம்பிசினோ சாப்பிடுகிறவருக்கு ஹார்மோன் அளவு இறங்கிக் கரு தங்கிவிடுகிறது. இந்த ஊரில் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

பீனிக்ஸ் டாக்டர்: மருந்து விஷயத்தில் சிஸ்டர் பக்கம்தான் நான். கீறுவதில் இல்லை. முழங்கைப் பக்க நுனி விரலுக்குத் தெரிந்தால் கிளினிக்கிலேயே எடுக்கலாம்: அக்குள் பக்க முனையை அழுத்தினால் இந்த நுனி புடைக்கும். மரத்துப்போக 1% லிக்னோகெய்ன் அரை முதல் 1 மி.லி. வரை, குச்சிக்கு அடியில். மேலே போட்டால் தோல் வீங்கி நுனி மறைந்துவிடும். பிறகு குச்சியின் போக்கிலேயே 2 மி.மீ. கீறல். நுனி புடைக்கவே இல்லையென்றால் கத்தியைக் கீழே வையுங்கள்.

நுரையீரல் சிக்கலைத் தடுக்கும் இடமும் போடும் மேசைதான். முழங்கையை மடக்கி, கையைத் தலைக்கு அடியில் வைக்கச் சொல்லுங்கள். அல்னார் நரம்பு விலகும். உள் முழங்கை எலும்பிலிருந்து 8-10 செ.மீ. மேலே, மேல்கையின் முன் தசைக்கும் பின் தசைக்கும் நடுவிலுள்ள பள்ளத்துக்கு 3-5 செ.மீ. பின்னால். நுழைந்ததும் ஊசியைப் படுக்கவைத்து, தோலை நுனியால் தூக்கியபடியே தள்ள வேண்டும். போட்டதும் அந்தப் பெண்ணே இரண்டு முனைகளையும் தடவிப் பார்க்கட்டும். தட்டுப்படவில்லையென்றால், எங்கே இருக்கிறது என்று உறுதியாகும்வரை ஆணுறை.

சாட்ஸ்வொர்த் சிஸ்டர்: நுனி புடைத்தால் நாங்கள் எடுக்கிறோம் டாக்டர். ஆனால் அதற்கான பயிற்சியை ஒவ்வொரு கிளினிக்குக்கும் கொடுங்கள். அது வராதவரை வரிசை குறையாது.

டர்பன் ரேடியோ: கடிதத்தில் எந்தக் கை, போட்ட தேதி, எந்த வகை என்று எழுதி அனுப்புங்கள் அக்கா. பழைய இம்ப்ளானானில் பேரியம் கிடையாது, எக்ஸ்ரே எடுத்துப் பயனில்லை. எந்தப் படத்திலும் சிக்காவிட்டால் ரத்தத்தில் எட்டோனோஜெஸ்ட்ரல், அதாவது குச்சியிலிருந்து வரும் ஹார்மோன், இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் குச்சி உடம்பில்தான் இருக்கிறது.