180 கிராம் மேப்பிள் சீனிக்கு எத்தனை மில்லி சிரப்?

பினாங்கு_பேக்கர்:
வணக்கம். பிஸ்கட் குறிப்பு ஒன்றில் 180 கிராம் மேப்பிள் சீனி (மேப்பிள் மரச்சாற்றைக் காய்ச்சிய சீனி) கேட்கிறது. இங்கே சீனியாகக் கிடைக்கவில்லை, 250 மில்லி சிரப் போத்தல்தான் இருக்கிறது. அப்படியே ஊற்றலாமா? எவ்வளவு? இணையத்தில் எல்லாம் பவுண்டு, கேலன் கணக்கு.

தராசுத்தட்டு:
சுத்தமான சிரப்பின் எடையில் சுமார் 66 விழுக்காடு சீனி, மற்றது தண்ணீர். ஒரு மில்லி 1.33 கிராம் நிற்கும், அதில் சீனி 0.88 கிராம். ஆகவே சீனி எடையை 0.88-ஆல் வகுங்கள்: 180 கிராமுக்கு 205 மில்லி, எடையில் 273 கிராம். கூடவே 93 கிராம் தண்ணீரும் வந்துவிடும். கேக் என்றால் பாலில் அவ்வளவைக் குறைத்துவிடலாம். பிஸ்கட் மாவில் எதைக் குறைப்பது? மாவு தளர்ந்துவிடும், மொறுமொறுப்பும் வராது.

கேலன் கணக்கை நம்புமுன் எந்த கேலன் என்று பாருங்கள். அமெரிக்க கேலன் 3.785 லிட்டர், பழைய கனடியக் குறிப்புகளில் 4.546.

பாகுப்பதம்:
பிஸ்கட்டுக்கு சிரப்பையே சீனியாக்கிவிடுங்கள் அக்கா. 250 மில்லிக்குக் கணக்குப்படி 220 கிராம், சட்டியில் ஒட்டியது போனாலும் 180 தேறும். நுரை பொங்கும், ஆழமான சட்டி வேண்டும்; துளி வெண்ணெய் போட்டால் அடங்கும். நடுத்தரத் தீயில், கிளறாமல், 126 பாகை செல்சியஸ் வரை காய்ச்சுங்கள். வெப்பமானியை முதலில் கொதிநீரில் வைத்துப் பாருங்கள்: 98 காட்டினால் 124-இலேயே இறக்க வேண்டும். மானி இல்லையென்றால், குளிர்ந்த தண்ணீரில் விட்ட சொட்டு கெட்டி உருண்டையாக நிற்கணும்.

இறக்கியதும் மரக்கரண்டியால் விடாமல் கிளறுங்கள். பளபளப்பு போய் வெளிறி, கரண்டி இழுக்கவே கனக்கும். அங்கேதான் பலர் கையை எடுத்துவிடுவார்கள், மொத்தமும் பாறையாக இறுகிவிடும். மணலாக உதிர்ந்து ஆவி அடங்கும்வரை கிளறிச் சலியுங்கள். ஆறியவுடன் காற்றுப் புகாத போத்தலில் போடுங்கள். நம்ம ஊர் ஈரக்காற்றில் திறந்து வைத்தால் கட்டி தட்டிவிடும்.

தராசுத்தட்டு:
லேபலையும் படியுங்கள். ‘பான்கேக் சிரப்’ பெரும்பாலும் சோளச் சிரப்தான், எவ்வளவு காய்ச்சினாலும் பரல் கட்டாது. அசல் மேப்பிளிலும் கருத்த வகையில் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் கூடுதலாக இருக்கும், பிசுபிசுவென்றே நிற்கும். வெளிர்பொன் நிறம் பாருங்கள்.

பினாங்கு_பேக்கர்:
நன்றி. அவசரத்துக்கு கூலா மலாக்கா (தென்னை வெல்லம்) போடலாமா?

பாகுப்பதம்:
துருவி, எடைக்கு எடை போடலாம், மணம் வேறு. ஈரம் கட்டிக்குக் கட்டி மாறும், அதனால் 0.88 அதற்குப் பொருந்தாது. மாவு தளர்வாகத் தெரிந்தால் குளிர்பெட்டியில் வைத்துப் பிறகு வெட்டுங்கள்.