'இண்டென்ச்சர்': இந்தச் சொல் உங்களுக்கு எப்படிப் பழக்கமானது?

சாட்ஸ்வொர்த், டர்பன்:

நவம்பர் 16 நெருங்கிவிட்டால் போதும், இங்கே கோயில் மேடை, பள்ளிக்கூடம், வானொலி எல்லாவற்றிலும் இந்தச் சொல்தான். 1860-இல் அந்தத் தேதியில்தான் ட்ரூரோ கப்பல் மதராஸிலிருந்து கூலி வேலைக்கு வந்த 342 பேரோடு இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. அப்புறம் 1911 வரை ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். எங்கள் குடும்பத்திலும் "தாத்தாவோட தாத்தா இண்டென்ச்சர்ல வந்தவர்" என்றுதான் சொல்வார்கள். அதற்கு என்ன பொருள் என்று கேட்டால் "ஒப்பந்தம்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

வார இறுதியில் கோயிலில் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். ஒப்பந்தத்துக்குக் காண்ட்ராக்ட் இருக்கிறது, அக்ரிமென்ட் இருக்கிறது, இதற்கு மட்டும் ஏன் தனிச் சொல் என்று ஒரு பெண் கேட்டாள். நல்ல கேள்வி. அங்கேயே அகராதியைப் பிரித்தோம்.

லத்தீனில் 'டென்ஸ்' என்றால் பல். டென்டிஸ்ட், டென்ச்சர் எல்லாம் அந்த வழியில் வந்தவைதான். பழைய இங்கிலாந்தில் ஒப்பந்தத்தை ஒரே தோலில் இரண்டு தடவை எழுதுவார்கள். இரண்டுக்கும் நடுவே பெரிய எழுத்தில் ஒரு சொல்லை எழுதி, அதன் குறுக்கே பல் பல்லாக வெட்டி, ஆளுக்கு ஒரு துண்டைக் கொடுத்துவிடுவார்கள். தகராறு என்று வந்தால் இரண்டு துண்டையும் சேர்த்து வைத்துப் பார்ப்பது. பல்லோடு பல் பொருந்தினால் பத்திரம் உண்மை, பொருந்தாவிட்டால் கள்ளப் பத்திரம். பின்னாளில் வெட்டுகிற பழக்கம் போய்விட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது.

பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தேன். நடுவே 'டர்பன்' என்று எழுதி, கத்தரிக்கோலால் வளைத்து வளைத்து வெட்டினார்கள். பிறகு துண்டுகளைக் கலைத்துப் போட்டுப் பொருத்தச் சொன்னேன். ஒருவர் வெட்டு இன்னொருவர் வெட்டோடு சேரவே இல்லை. 'ப'வின் பாதி ஒன்றிலும் மீதிப் பாதி இன்னொன்றிலும் இருக்க, சரியான ஜோடி கிடைத்ததும் ஒரு பையன் மேசையைத் தட்டிக் கத்தினான்.

இனி பயன்பாட்டுக்கு வருகிறேன். எனக்கு இதுதான் முக்கியம். 'இண்டென்ச்சர்' என்பது பத்திரம், அல்லது அந்த ஏற்பாடு. 'இண்டென்ச்சர்ட்' என்றால் அந்தப் பத்திரத்தால் கட்டப்பட்டவர். "இண்டென்ச்சர் லேபரர்" என்று மேடையில் பலர் சொல்கிறார்கள், "இண்டென்ச்சர்ட் லேபரர்" என்பதே சரி. கடைசியில் வரும் அந்த 'ட்'டை விழுங்கிவிடக் கூடாது. ஒரு மனிதரை ஒருவர் கட்டிப்போட்டார் என்ற செய்தியே அந்த எழுத்தில்தான் இருக்கிறது. 'இண்டென்ச்சர்ட் டு' என்று எழுதி, பின்னால் முதலாளியின் பெயரையோ தோட்டத்தின் பெயரையோ போடுவார்கள். அந்த முதலாளியைக் கூலிக்காரர் தேர்ந்தெடுக்கவில்லை. கப்பலை விட்டு இறங்கிய பிறகு யார் எங்கே போவது என்று அதிகாரிகள் பிரித்துக் கொடுத்தார்கள்.

நம் முன்னோர்களை அடிமைகள் என்று சிலர் எழுதுகிறார்கள், காண்ட்ராக்ட் தொழிலாளர்கள் என்று சிலர். இரண்டுமே எனக்குச் சரியாகப் படவில்லை. ஐந்து வருடம் என்ற கெடு இருந்தது. முதல் வருடம் மாதம் 10 ஷில்லிங் கூலி என்ற கணக்கும் இருந்தது. ஆகவே அடிமை என்ற சொல் பொருந்தாது. ஆனால் வேலைக்குப் போகாவிட்டால் சிறை. அனுமதிச் சீட்டு இல்லாமல் தோட்டத்தை விட்டு வெளியே போனால் பிடித்துக்கொண்டு போவார்கள். இன்றைக்கு காண்ட்ராக்டில் வேலை பார்ப்பவருக்கு அப்படியா? இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்த நிலைமையைச் சொல்ல இண்டென்ச்சர்ட் என்ற சொல்தான் இருக்கிறது. அதைக் கவனமாகப் பயன்படுத்த வேண்டும் என்று மிகவும் விரும்புகிறேன்.

உங்களுக்கு இந்தச் சொல் எங்கே எதிர்ப்பட்டது? எழுதுங்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்:

எனக்குக் கப்பல் பட்டியலில். எங்கள் ஆயாவின் வழியைத் தேடிப் போனபோது பார்த்தேன். முதல் கட்டத்தில் ஓர் எண். அப்புறம் பெயர், தகப்பனார் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர். உடலில் உள்ள அடையாளத்துக்கும் ஒரு கட்டம். எங்கள் பாட்டனாருக்கு இடது முழங்காலுக்குக் கீழே தழும்பு என்று எழுதியிருந்தார்கள். அவருக்குப் படம் எதுவும் கிடையாது. எங்கள் குடும்பத்துக்கு அவர் உருவமாகத் தெரிந்தது அந்தத் தழும்பு ஒன்றுதான்.

காது கேட்டபடி வெள்ளைக்காரர்கள் எழுதியதால் பெயர்களைப் பிடிப்பதுதான் கஷ்டம். முதலியார் மூட்லி ஆனதும் கவுண்டர் கோவெண்டர் ஆனதும் இங்கே எல்லாருக்கும் தெரியும். ஊர்ப் பெயரும் அதே கதைதான். ஜில்லா வட ஆற்காடு என்று தெளிவாக இருக்கிறது, ஊர்தான் பிடிபடவில்லை.

ஜோகன்னஸ்பர்க் (சொந்த ஊர் திருச்சி):

நான் திருச்சியில் ஆஸ்பத்திரி ஸ்டோரில் வேலை பார்த்தவன். பஞ்சு, ஊசி, குளுக்கோஸ் எது வேண்டுமானாலும் வார்டிலிருந்து இண்டென்ட், அதாவது இன்னது வேண்டும் என்று கேட்டு எழுதிய சீட்டு, வர வேண்டும். "இண்டென்ட் போட்டாச்சா சிஸ்டர்?" என்றுதான் காலையில் பேச்சே தொடங்கும். அதுவும் இந்தப் பல் வெட்டிலிருந்து வந்ததுதான் என்று இப்போது தெரிகிறது. பத்தியின் முதல் வரியைக் கொஞ்சம் உள்ளே தள்ளி டைப் செய்வதற்கும் அதே பெயர்தானே?

லெனேசியா:

நான் பாய்லர் வேலை பழகியவன். தொழிற்பயிற்சிக்குச் சேர்ந்த அன்றைக்கு அப்பாவும் கூட வந்து கையெழுத்துப் போட்டார். அந்தப் பத்திரத்துக்கும் இண்டென்ச்சர் என்றுதான் பெயர். "பையன் இண்டென்ச்சர்ட் ஆகிவிட்டான்" என்று அப்பா தெருவெல்லாம் சொன்னார், அவ்வளவு சந்தோஷம். எங்கள் ஆயா மட்டும் அந்தச் சொல் காதில் விழுந்ததும் எழுந்து உள்ளே போய்விட்டார். பயிற்சி முடிந்தால் கையில் ஒரு தொழில் இருக்கும் என்று அப்பா பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துச் சொன்ன பிறகுதான் சமாதானமானார்.

சாட்ஸ்வொர்த், டர்பன்:

திருச்சி அண்ணா, ஆமாம், அதுவும் அதே குடும்பத்துச் சொல்தான். லெனேசியா அண்ணா, தொழில் பழகுகிறவர்களுக்கும் இந்தச் சொல் உண்டு என்று பிள்ளைகளுக்கு அடுத்த வகுப்பில் சொல்லப் போகிறேன். மாரிட்ஸ்பர்க் அக்கா, பட்டியலில் அந்த ஊர்ப் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுத்து எழுத்தாக இங்கே போடுங்கள், தாலுகாவையும் சேர்த்து. வேலூர், ஆரணி, திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர்கள் யாராவது வாய்விட்டுப் படித்துப் பார்த்தால் அடையாளம் தெரியலாம்.