அறுவை சிகிச்சைக்குப் பிறகு வலி: மருந்தோடு வேறு என்ன செய்யலாம்?

கேள்வி:
அம்மாவுக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை முடிந்து வார்டில் இருக்கிறார். வலி மருந்து கொடுத்தும் இருமும்போது துடிக்கிறார், பார்க்கவே முடியவில்லை. மசாஜ், அக்குபங்சர், இசை இதெல்லாம் உதவுமா?

பதில் 1:
முதலில் நர்ஸிடம் வலி 10-க்கு எவ்வளவு என்று சொல்லச் சொல்லுங்கள், மருந்தின் அளவையோ நேரத்தையோ டாக்டர் மாற்றலாம். இருமும்போது தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடித்தால் தையல் இழுபடுவது குறையும். அப்புறம் இசை. அவருக்குப் பிடித்த பாட்டாக இருக்கட்டும். வலியும் பதற்றமும் ஓரளவு குறைவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன, பக்கவிளைவும் இல்லை.

பதில் 2:
கை, பாதங்களை மென்மையாக நீவலாம். தொடு உணர்வு தண்டுவடத்திலேயே வலிச் செய்தியை ஓரளவு தடுக்கும் என்று 1965-இல் மெல்சாக், வால் என்ற இரண்டு வலி ஆய்வாளர்கள் விளக்கினார்கள். ஆனால் கெண்டைக்காலை மட்டும் அழுத்தித் தேய்க்காதீர்கள், அங்கே ரத்தக்கட்டி இருந்தால் நகர்ந்து நுரையீரல் ரத்தக்குழாயை அடைத்துவிடலாம், உயிருக்கே ஆபத்து.

பதில் 3:
அக்குபங்சர் வலியைவிடக் குமட்டலுக்கு நன்றாகக் கைகொடுக்கிறது, மணிக்கட்டின் உட்புறப் புள்ளியை அழுத்தினாலே பலருக்குக் குறையும். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து போடுகிறார்களா? அப்படியென்றால் அக்குபங்சர் ஊசி குத்தும் முன் டாக்டரிடம் கேட்டே ஆக வேண்டும். மூலிகை மாத்திரை எதையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள்.