கெட்ட பெயரோடு ராணுவத்தை விட்டு வந்தவன் தாளை மாற்றிக் கேட்கலாமா?

தென்பெண்ணை (டல்லாஸ்)
என் அக்கா மகனுக்காகக் கேட்கிறேன். டெக்சாஸில் பிறந்து வளர்ந்தவன், 19 வயதில் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தான். ஆப்கானிஸ்தானுக்கு இரண்டு முறை போனான். இரண்டாவது முறை அவன் இருந்த வண்டிக்கு அடியில் குண்டு வெடித்தது. திரும்பி வந்தபின் தூக்கம் போயிற்று, காலை அணிவகுப்புக்கு நேரத்துக்குப் போகவில்லை, கடைசியில் சிறுநீர்ச் சோதனையில் கஞ்சா தெரிந்தது. 2013ல் 'அதர் தேன் ஆனரபிள்', அதாவது மரியாதைக் குறைவான வெளியேற்றம், என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். கோர்ட் மார்ஷல் (ராணுவ நீதிமன்ற விசாரணை) எதுவும் நடக்கவில்லை. படிப்புக்குக் கிடைக்க வேண்டிய ஜி.ஐ. பில் உதவியும் போய்விட்டது. வேலை கேட்டுப் போன இடத்தில் எப்படி வெளியேறினான் என்று எழுதியிருக்கும் டிடி 214 தாளைக் கேட்டால் பேசாமல் எழுந்து வந்துவிடுகிறான். தாளை மாற்றித் தரச் சொல்லி விண்ணப்பிக்கலாம் என்கிறேன். "செஞ்ச தப்புக்குக் கெஞ்சிக்கிட்டு நிக்கணுமா?" என்கிறார் என் மாமா. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஓய்வுபெற்ற சுபேதார் (வேலூர்)
தம்பி, உங்கள் மாமா பக்கம்தான் நான். 28 வருடம் இந்திய ராணுவத்தில் இருந்தவன். அந்த வண்டியில் இருந்த மற்றவர்களுக்கும் தூக்கம் வந்திருக்காது. இருந்தாலும் விடியற்காலையில் பூட்ஸைக் கட்டிக்கொண்டு வரிசையில் வந்து நின்றிருப்பார்கள். அவர்கள் தாளில் 'ஆனரபிள்' என்று இருக்கிறது. பத்து வருடம் கழித்து இவனுக்கும் அதையே எழுதிக் கொடுத்தால், பல்லைக் கடித்துக்கொண்டு நின்றவனுக்கு என்ன மரியாதை? எங்கள் காலத்தில் தண்டனை வாங்கியதற்காக ஏட்டில் நான்கு சிவப்பு மைப் பதிவு விழுந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

மீனா (மேரிலாண்ட்)
ஐயா, உங்கள் சேவைக்கு வணக்கம். ஆனால் அந்த சிவப்பு மை விஷயத்திலேயே, 2015ல் வீரேந்திர குமார் துபே வழக்கில் உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது? நான்கு பதிவு இருப்பதால் மட்டும் வெளியேற்றிவிட முடியாது. முதலில் விசாரிக்க வேண்டும், நீண்ட சேவையையும் கடினமான இடங்களில் இருந்ததையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்றது. ராணுவத் தலைமையகத்தின் 1988ஆம் ஆண்டு கடிதத்திலேயே இருந்த விதிதான் அது.

இங்கே அமெரிக்காவிலும் கேள்வி அதுதான். நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ. 2017ல் ஓர் அறிக்கை தந்தது. 2011 முதல் 2015 வரையிலான நிதியாண்டுகளில் ஒழுங்கீனத்துக்காக வெளியேற்றப்பட்டவர்கள் 91,764 பேர். அவர்களில் 62 சதவீதம் பேருக்கு, வெளியேறுவதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள் பி.டி.எஸ்.டி. (அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய்), மூளைக்காயம், அல்லது நடத்தையைப் பாதிக்கக்கூடிய வேறு மனநலச் சிக்கல் இருப்பதாக மருத்துவர்கள் எழுதியிருந்தார்கள். வைத்தியம் பார்க்க வேண்டியவர்களை வாசலுக்கு வெளியே விட்டிருக்கிறார்கள். இதை நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை.

ஓய்வுபெற்ற சுபேதார் (வேலூர்)
அந்த அறிக்கையை முழுதாகப் படித்துச் சொல்லம்மா. பி.டி.எஸ்.டி.யும் மூளைக்காயமும் 16 சதவீதம்தான். மீதியில் பெரும்பங்கு 'சூழலோடு ஒத்துப்போக முடியவில்லை', 'குடிப் பிரச்சினை' என்ற வகை. குடித்துவிட்டு வந்தவனுக்குக் குடிநோய் என்று எழுதி, அந்த நோயால்தான் குடித்தான் என்றால் எந்தத் தப்புக்கும் தண்டனையே கிடையாது. துபே தீர்ப்பையும் தெரியும். 2019ல் சத்குர் சிங் வழக்கில் அதே உச்ச நீதிமன்றம் ஒரு வெளியேற்றத்தைச் சரி என்று ஏற்றது.

மீனா (மேரிலாண்ட்)
16 சதவீதம் என்பது சரிதான் ஐயா. எல்லாரையும் மன்னியுங்கள் என்று யாரும் கேட்கவில்லை, ஒவ்வொருவரையும் திரும்பப் பாருங்கள் என்கிறோம். இந்த விண்ணப்பங்களைப் பார்க்கும் வாரியங்களுக்கு 2017ல் பென்டகன் (அமெரிக்கப் பாதுகாப்புத் துறை) அனுப்பிய வழிகாட்டுதல் நான்கு கேள்வி வைக்கிறது. நோயோ அப்படியான அனுபவமோ இருந்ததா? ராணுவத்தில் இருந்தபோதே இருந்ததா? செய்த தப்பு அதனால் வந்ததா? வெளியேற்றத்துக்கான காரணத்தைவிட அது கனமானதா? மூன்றாவது கேள்வியில்தான் நிறையப் பேர் விழுகிறார்கள். திட்டமிட்டுச் செய்த குற்றத்துக்கு இந்த வாதம் எளிதில் எடுபடாது. தூக்கமில்லாமல் தவித்த பையன் கஞ்சா பிடித்ததைத் திட்டமிட்ட குற்றம் என்பீர்களா?

கப்பல்காரன் (சான் டியேகோ)
கடற்படையில் எட்டு வருடம் இருந்தேன். சண்டை நடக்கட்டும், நான் வேலை விஷயத்தைச் சொல்கிறேன். "ஆறு மாதத்தில் தானாக மாறிவிடும்" என்று எங்கள் காலத்திலேயே சொல்வார்கள். பொய். விண்ணப்பித்தால்தான் உண்டு. டிடி 293 படிவம், டிஸ்சார்ஜ் மறுஆய்வு வாரியத்துக்கு, வெளியேறிய நாளிலிருந்து 15 வருடத்துக்குள் போக வேண்டும். இவனுக்கு 2028 வரை. அதைத் தவறவிட்டால் டிடி 149, ஆவணத் திருத்த வாரியம். நேரில் விசாரிக்கச் சொல்லிக் கேட்கலாம். தாளில் படிப்பதைவிட முகத்தைப் பார்த்துக் கேட்பது வேறு.

அப்புறம் முக்கியமான ஒன்று. தாள் மாறும் வரை அவன் காத்திருக்க வேண்டாம். போர்முனையில் இருந்தவர்களுக்கு, 'அதர் தேன் ஆனரபிள்' இருந்தாலும், மனநல சிகிச்சை தர 2018ல் சட்டம் வந்துவிட்டது. முதலில் அதற்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

தென்பெண்ணை (டல்லாஸ்)
இந்த சிகிச்சை விஷயம் எங்களுக்குத் தெரியவே தெரியாது. இத்தனை வருடம் அவனே தனக்கு எதுவும் கிடைக்காது என்று முடிவு பண்ணி வைத்திருந்தான்.

சுபேதார் ஐயா கேட்டதை அவனிடமே சொன்னேன். அவன் கோபப்படவில்லை. "அவர் சொல்றது சரிதான் மாமா, மத்தவங்க நின்னாங்க" என்றான். அப்புறம் ரொம்ப நேரம் பேசவில்லை.

ஓய்வுபெற்ற சுபேதார் (வேலூர்)
அப்படியா சொன்னான்... தம்பி, பொதுவில் என் கருத்து மாறவில்லை. தாளுக்கு மதிப்பு இருக்க வேண்டும் என்றால் எளிதில் மாறக் கூடாது. ஆனால் இவன் விண்ணப்பிக்கட்டும். டாக்டர் சீட்டோடு நிறுத்தாதீர்கள். அந்த வண்டியில் கூட இருந்தவர்களைத் தேடிப் பிடியுங்கள். வெடிப்புக்கு முன்னால் எப்படி இருந்தான், பின்னால் எப்படி ஆனான் என்று வரிசையில் நின்றவனே எழுதிக் கொடுக்கட்டும். அவன் எழுதினால் எனக்கும் ஆட்சேபம் இல்லை.

தென்பெண்ணை (டல்லாஸ்)
மருத்துவப் பதிவுகளைக் கேட்டு இன்று எழுதிவிட்டோம். வண்டி ஓட்டியவர் ஒஹாயோவில் இருக்கிறாராம். ஞாயிற்றுக்கிழமை தானே கூப்பிடுகிறேன் என்றான்.