ஸ்லீப்பில் இருந்து எழுப்பினால் நீலத்திரை, செக்டிஸ்க்கும் முடியவில்லை

கேள்வி:
விண்டோஸ் 10 டெஸ்க்டாப். ஸ்லீப்பில் போட்டுவிட்டுச் சாப்பிட்டு வந்து மவுஸை அசைத்தால் ஃபேன் மட்டும் சுற்றுகிறது, திரை கறுப்பாகவே நின்று கடைசியில் நீலத்திரை வந்து ரீஸ்டார்ட் ஆகிறது. டிஸ்க்கில் பிழை தேடும் செக்டிஸ்க் (chkdsk) போட்டேன், 11 சதவீதத்திலேயே இரண்டு மணி நேரம் நின்றது, பயந்து பவரை அணைத்துவிட்டேன். மகளின் சின்ன வயசுப் படங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. என்ன செய்யலாம்?

பதில் 1:
முதலில் படங்களை வேறு டிஸ்க்கில் காப்பி எடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். செக்டிஸ்க்கை ஆர் (/r) சேர்த்து ஓட்டினால் டிஸ்க் முழுவதையும் படித்துப் பார்க்கும், பெரிய ஹார்ட் டிஸ்க்குக்கு ஒரு ராத்திரியே ஆகலாம். நடுவில் அணைக்காதீர்கள்.

பதில் 2:
டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளைப் போட்டு சி5 (படிக்க முடியாமல் நிற்கும் பகுதிகள்), சி7 (கேபிள் வழியே தகவல் போகும்போது வந்த பிழைகள்) வரிகளைப் பாருங்கள். சி5 ஏறினால் டிஸ்க்கையே நம்ப முடியாது. சி7 மட்டும் ஏறினால் பெரும்பாலும் டிஸ்க்கை மதர்போர்டுடன் இணைக்கும் சாட்டா கேபிள்தான் காரணம்.

கேட்டவர்:
காப்பி எடுத்துவிட்டேன். சி5 பூஜ்யம், சி7 மட்டும் 412! கேபினட்டைத் திறந்தால் கேபிளின் நுனி விரல் பட்டாலே ஆடுகிறது. புதுசு மாட்டி மூன்று நாளாகிறது, ஸ்லீப்பில் இருந்து ஒழுங்காக எழுகிறது. செக்டிஸ்க்கும் முடிந்தது. ரொம்ப நன்றி.

பதில் 2:
மகிழ்ச்சி. சி7 எண் இனி குறையாது, 412-லேயே நின்றால் சரி.