எஸ்கேப்மென்ட்: 'விசைமடை' என்ற சொல்லை முன்மொழிகிறேன்

அனைவருக்கும் வணக்கம்.

கைக்கடிகாரத்தை வீட்டிலேயே கோத்துப் பார்க்க விரும்புகிறவர்களுக்காக ஒரு தமிழ்க் கையேடு எழுதிவருகிறேன். அதற்கு யூனிட்டாஸ் 6497 என்ற கடிகார இயக்கப் பொறியை எடுத்துக்கொண்டிருக்கிறேன். 36.6 மில்லிமீட்டர் விட்டம் என்பதால் உறுப்புகள் பெரியவை, புதிதாகக் கற்பவர்களின் இடுக்கிக்கு அடங்கும். பற்சக்கரம், சுருள்வில், அச்சு ஆகியவற்றுக்குப் பாடநூல் சொற்களே போதும். சுருள்வில்லின் விசையை அடைத்து வைத்துச் சிறிது சிறிதாக விடும் 'எஸ்கேப்மென்ட்' (escapement) என்ற அமைப்புக்கு வந்தபோதுதான் எழுத்து நின்றுவிட்டது. முந்தைய மடலில் நான் 'விசைமடை' என்று சொன்னதற்கு வந்த மறுமொழிகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

> 'விடுவிப்பான்' எளிது, எல்லாருக்கும் விளங்கும். அதையே வைத்துக்கொள்ளலாமே?

எளிதுதான், ஐயா. ஆனால் கடிகாரத்தைக் கழற்றும்போது முதலில் செய்ய வேண்டிய வேலை சுருள்வில்லின் முறுக்கை இறக்குவது. முறுக்கு பின்னோக்கித் திரும்பாமல் பிடித்திருக்கும் சிறு நாக்கை விலக்கி, சாவி கொடுக்கும் திருகை விரலால் பிடித்தபடி மெல்ல விட வேண்டும். இதைச் செய்யாமல், எஸ்கேப்மென்ட்டில் சக்கரத்தின் பல்லைத் தடுத்து நிறுத்தும் கவட்டை வடிவ உறுப்பான கவையைக் கழற்றினால் சக்கரங்கள் கட்டுப்பாடில்லாமல் சுழலும், பல்லோ அச்சுமுனையோ உடையலாம். கையேட்டிலேயே மிக முக்கியமான எச்சரிக்கை இது. 'விடுவிப்பானைத் தொடும் முன் முறுக்கை விடுவியுங்கள்' என்று எழுதினால் படிப்பவர் ஒரு நொடியாவது தடுமாறுவார். அந்த ஒரு நொடித் தடுமாற்றமும் இந்த இடத்தில் கூடாது.

> 'தாளப்பொறி' கேட்க நன்றாக இருக்கிறது.

நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தாளத்தைத் தருவது இருபுறமும் மாறி மாறித் திரும்பும் அலைவுச் சக்கரமும் அதனோடு சேர்ந்த மெல்லிய இழைச்சுருளும். எஸ்கேப்மென்ட் அந்தத் தாளத்துக்குக் கட்டுப்பட்டு நடப்பது. காதில் விழும் 'டிக்' ஒலி அங்கிருந்து வருவதால் இந்த மயக்கம் ஏற்படுகிறது.

அதன் வேலையை இன்னொரு முறை பார்த்துவிடலாம். கவையில் பதித்த இரண்டு மாணிக்கக் கற்கள் மாறி மாறிக் கடைசிச் சக்கரத்தின் பல்லைப் பிடிக்கின்றன, விடுகின்றன. மணிக்கு 18,000 துடிப்பு என்றால் நொடிக்கு 5. இரண்டு துடிப்புக்கு ஒரு பல் நகரும். 15 பல் உள்ள சக்கரம் ஒரு சுற்று முடிக்க 6 நொடி ஆகும். இதுவரை எல்லாரும் சொன்னதுதான். நம் விவாதத்தில் விடுபட்டது மூன்றாவது வேலை. பல் நழுவும் கணத்தில் கல்லின் சரிவைத் தள்ளிவிட்டுப் போகிறது. அந்தச் சிறு தள்ளல் கவை வழியாக அலைவுச் சக்கரத்தைச் சேர்கிறது. அது இல்லையென்றால் உராய்விலேயே அலைவு தேய்ந்து கடிகாரம் நின்றுவிடும். பிடிப்பதையும் விடுவதையும் மட்டும் சொல்கிற பெயர், கடிகாரத்தை ஓட வைக்கும் இந்தத் தள்ளலை விட்டுவிடுகிறது.

மடை என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் இதுதான். ஏரி நீரை அடைத்து வைப்பதும் மடை, அளந்து விடுவதும் மடை. அப்படி விட்ட நீர் வீணாகாமல் வயலுக்குப் போய்ப் பயன்படுகிறது. சுருள்வில்லில் தேங்கிய விசைக்கும் அதே கதைதான். அடைத்தல், விடுதல், பயன்படுதல் மூன்றும் ஒரு சொல்லுக்குள் வந்துவிடுகின்றன.

> மடை திறந்தால் நீர் தொடர்ந்து ஓடும். இங்கே பல் பல்லாகத்தானே நகர்கிறது?

சரியான கேள்வி. படிப்படியாக நகர்வது 'மடை'யில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். இதற்கு மாற்றாக நீங்கள் முன்மொழிந்த 'பல்விடுப்பி' என்ற சொல்லில் அது இருக்கிறது, ஆனால் தள்ளல் அதில் இல்லை. இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால் நான் தள்ளலையே எடுப்பேன். பல் பல்லாக நகர்வது பார்த்தாலே தெரிந்துவிடும். தள்ளல் கண்ணுக்குத் தெரியாது, பெயர்தான் நினைவூட்ட வேண்டும்.

அப்புறம், கிளைச்சொற்கள். கலைச்சொல்லுக்கு இதுதான் நல்ல சோதனை என்று நினைக்கிறேன். கடைசிச் சக்கரம் மடைச்சக்கரம், கவை மடைக்கவை, கற்கள் மடைக்கற்கள். 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கடிகாரக் கலைஞர் தாமஸ் மட்ஜ் உருவாக்கிய லீவர் வகை எஸ்கேப்மென்ட் நெம்புமடை, 20ஆம் நூற்றாண்டில் இன்னொரு ஆங்கிலக் கடிகாரக் கலைஞர் ஜார்ஜ் டேனியல்ஸ் உருவாக்கிய கோ-ஆக்சியல் வகை ஓரச்சுமடை. 'பல்விடுப்பி'யை வைத்து இதே சொற்களைக் கட்டிப் பார்த்தேன், 'பல்விடுப்பிச் சக்கரப் பல்' என்று நீண்டுகொண்டே போகிறது.

> மின்னணுச் சில்லும் குவார்ட்ஸ் படிகமும் வைத்துச் செய்யும் கடிகாரத்துக்கும் இச்சொல் பொருந்துமா?

பொருந்தாது, பொருத்தவும் வேண்டாம். குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அதை 15 தடவை பாதியாக்கினால் நொடிக்கு ஒரு துடிப்பு. முள் வைத்த கடிகாரத்தில் அந்தத் துடிப்பு மோட்டாரைத் தட்ட, மோட்டார் சக்கரங்களை நகர்த்துகிறது. தேங்கிய விசையை அடைத்து வைக்கிற வேலையே அங்கு இல்லை.

கையேட்டின் எண்ணெய் இடும் பகுதியில் இச்சொற்களை வைத்து எழுதிய வரி இது: 'மடைக்கற்களின் முகத்தில் மட்டும் மிகச் சிறு துளி எண்ணெய் வையுங்கள். மடைக்கவையின் அச்சுமுனைகளில் எண்ணெய் இடுவது வழக்கமில்லை, அவை உலர்ந்தே இருக்கட்டும்.' கையில் பொறியை வைத்திருப்பவர்கள் இந்த வரியை மட்டும் படித்து, எந்த உறுப்பு எது என்று தயங்காமல் அடையாளம் காண முடிகிறதா என்று எழுதுங்கள். 'கவை' என்ற சொல் இளையவர்களுக்குப் புரியுமா என்பதில்தான் எனக்கு ஐயம். புரியாது என்றால் 'மடைக்கவட்டை' என்று மாற்றிவிடுகிறேன்.