ஆலன் வார்னரின் 'த சோப்ரானோஸ்': படித்தவர்களும் மேடையில் பார்த்தவர்களும் எழுதுங்கள்

மேற்குக்கரை எழுதியது:

தொலைக்காட்சியில் வந்த அமெரிக்க மாஃபியாத் தொடரைப் பற்றி எழுத நினைப்பவர்கள் தயவுசெய்து வேறு இழைக்குப் போகவும். அது 1999இல் தொடங்கியது. நான் சொல்வது அதற்கு முந்தைய ஆண்டு வெளிவந்து, சால்டையர் சங்கத்தின் அவ்வாண்டுக்கான ஸ்காட்லாந்து நூல் விருதைப் பெற்ற நாவலை. கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். துறைமுக ஊரின் கத்தோலிக்கப் பெண்கள் பள்ளியிலிருந்து சேர்ந்திசைக் குழு ஒன்று தலைநகரத்துப் போட்டிக்குப் போகிறது. ஊரில் நீர்மூழ்கிக் கப்பல் வந்து நிற்பதால், மாலுமிகள் வரக்கூடிய நடன விடுதிக்கு இரவுக்குள் திரும்பிவிட வேண்டும் என்பதற்காகவே அந்தப் பெண்கள் போட்டியில் தோற்க ஆசைப்படுகிறார்கள்.

நான் ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள ஓபன் ஊருக்கு அருகில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். நாவலில் ஊருக்குப் பெயர் கிடையாது, வெறும் 'துறைமுகம்'தான். ஆனால் வார்னர் 1964இல் ஓபனில் பிறந்தவர் என்பதால் இங்கே யாரும் அதைப் புதிராகக் கருதுவதில்லை. சாரிட்டி கடையில் ஐம்பது பென்ஸுக்கு அதை வாங்கி, இரவுப் பணியின் இடைவேளையில் படித்துக்கொண்டிருந்தேன். என்னுடன் வேலை செய்பவர், இதே ஊரில் பிறந்து இதே ஊரின் பள்ளியில் படித்தவர், அறுபதை நெருங்குபவர், என் தோளுக்கு மேலாக ஒரு பக்கத்தை எட்டிப் படித்தார். "இதைப் போய் ஏன் படிக்கிறாய், ஹென்?" என்றார். (இங்கே வயதான பெண்கள் இளையவர்களை அப்படித்தான் அன்பாக அழைப்பார்கள்.) எனக்கு என்ன தோன்றியதோ, ஆங்கிலம் பழகுவதற்காகப் படிக்கிறேன் என்று பொய் சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டு, "இதில் ஆங்கிலம் இல்லை, இதில் இருப்பது நாங்கள்தான், நாங்கள் பேசுவதை எதற்குத்தான் அச்சடிக்கிறார்களோ" என்று சொல்லித் தேநீர்க் கோப்பையைக் கழுவப் போய்விட்டார். அவருடைய குரலில் இருந்தது வெட்கமா பெருமையா என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

கோட்டைத்தெரு எழுதியது:

நான் நாவலைப் படித்தவனல்லன். லீ ஹால் அதை நாடகமாக்க, ஸ்காட்லாந்து தேசிய நாடக அரங்கம் 2015 ஆகஸ்டில் எடின்பரோவின் டிராவர்ஸ் அரங்கில் மேடையேற்றியபோது பார்த்தவன். ஆறு பெண்கள் சீருடையில் வந்து நின்று மெண்டல்சோனின் பாடல் ஒன்றை, தேவாலயத்திலே கேட்டால் கண்ணீர் வரும் அளவுக்குப் பாடினார்கள். பாடி முடித்த கையோடு, இங்கே நான் எழுத முடியாத சொற்களில் பேசத் தொடங்கினார்கள். மாலுமிகள், குடிகாரர்கள், கன்னியாஸ்திரி என எல்லா வேடங்களையும் அந்த ஆறு பேரே ஏற்று நடித்தார்கள். என் பக்கத்தில் பதினேழு வயது மகள் உட்கார்ந்திருந்தாள்.

என்னை உறுத்துவது ஒன்றே ஒன்று. அந்தப் பெண்களில் ஒருத்தி, விடுதியில் தன்னிடம் வந்து வழியும் நடுவயது ஆள் ஒருவனை நடித்துக் காட்டியபோது, அரங்கமே சிரித்தது, நானும் வயிறு குலுங்கச் சிரித்தேன். திரும்பிப் பார்த்தேன், மகள் சிரிக்கவில்லை. மேடையையும் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு நடந்து வந்த அரைமணி நேரமும் அவள் எதுவும் பேசவில்லை. அவளுக்குப் பழக்கமான ஏதோ ஒன்றை நான் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்துவிட்டேனோ என்று கேட்க வேண்டும் என்று பலமுறை நினைத்தும் நான் இன்னும் கேட்கவில்லை.

மூன்றாம்மாடி எழுதியது:

கோட்டைத்தெரு அவர்கள் மன்னிக்க வேண்டும். நாடகத்தை மட்டும் பார்த்துவிட்டு இந்தக் கதையைப் பற்றிப் பேசுபவர்கள் எல்லோரும் கெட்ட வார்த்தைகளிலும் குடியிலும்தான் நிற்கிறார்கள். 2017இல் அந்த நாடகம் சிறந்த புதிய நகைச்சுவைக்கான, லண்டன் நாடக உலகின் ஒலிவியே விருதைப் பெற்றதும் அந்த எண்ணத்துக்கு முத்திரை குத்திவிட்டது. நாவலின் முதுகெலும்பு கே, ஃபின்னூலா என்ற இருவர்தான். கே வசதியான வீட்டுப் பெண்; பல்கலைக்கழகம் அவளுக்காகக் காத்திருக்கிறது. ஃபின்னூலா அந்த ஐவர் கூட்டத்தின் தலைவிபோல் இருப்பவள். அந்தக் கூட்டத்துக்குக் கே என்றாலே ஆகாது. தலைநகரில் இருவரும் தற்செயலாகத் தனியே சந்தித்து, தத்தம் மனத்தில் இருப்பதைச் சொல்லிக்கொள்ளும் பகுதியைப் படிக்காமல் இதை நகைச்சுவை என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

கிளாஸ்கோவில் முதுகலை படித்தபோது வகுப்பில் இந்த நாவல் பாடமாக இருந்தது. வசதியுள்ள பெண்ணும் இல்லாத பெண்ணும் எப்படி ஒரே பள்ளியில் படிக்கிறார்கள் என்று ஒரு வெளிநாட்டு மாணவர் கேட்டார். (கத்தோலிக்கப் பள்ளி என்றவுடன் நாமும் கட்டணக் கான்வென்ட்டைத்தான் நினைக்கிறோம். இங்கே 1918ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகக் கத்தோலிக்கப் பள்ளிகள் அரசுக் கல்வி முறைக்குள் வந்துவிட்டன. அவை கட்டணமில்லாதவை, சிறிய ஊரில் மருத்துவர் வீட்டுப் பெண்ணும், உள்ளாட்சி மன்றம் குறைந்த வாடகைக்குத் தரும் கவுன்சில் வீட்டுப் பெண்ணும் ஒரே சீருடையில் நிற்பார்கள்.) அதற்குப் பதில் சொன்னவள் வகுப்பில் கவுன்சில் குடியிருப்பிலிருந்து வந்திருந்த ஒரே மாணவி. அப்படிப்பட்ட ஒரு பள்ளியில்தான் தானும் படித்ததாகச் சொல்லிவிட்டு, "இரண்டு பெண்கள் காதலிப்பது வெளியே தெரிந்தால், கேவுக்கு ரயிலேறிப் போய்விட ஓர் இடம் இருக்கிறது, ஃபின்னூலா மறுநாள் காலையில் அதே தெருவில் பால் வாங்கப் போக வேண்டும்" என்றாள்.

நாங்கள் அத்தனை பேரும் தலையைக் குனிந்து அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டோம். நிமிர்ந்து பார்த்தபோது அவள் எங்கள் பேனாக்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பருவம் முழுவதும் அவள் வகுப்பில் பிறகு வாய் திறக்கவில்லை. என் கட்டுரைக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது. அதில் இருந்த சிறந்த வாக்கியம் அவளுடையது, அடிக்குறிப்பில்கூட அவள் பெயர் இல்லை.

நாவல் வெளிவந்த 1998இல், ஓரினக் காதலை 'ஊக்குவிக்க' உள்ளாட்சி மன்றங்களுக்குத் தடை விதித்த 1988ஆம் ஆண்டுச் சட்டப்பிரிவு இன்னும் நடைமுறையில் இருந்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அதை நீக்கக் கூடாது என்று ஒரு தொழிலதிபர் தன் சொந்தச் செலவில் அஞ்சல் வாக்கெடுப்பு நடத்தினார். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் நீக்கக் கூடாது என்றே விழுந்தன. அதையும் மீறி 2000 ஜூனில் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் அதை நீக்கியது. ஃபின்னூலா பால் வாங்கப் போகும் தெரு எது என்று இப்போது புரிகிறதா?

நடுநிசிவாசகன் எழுதியது:

1999இல் லண்டனில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் இரவு வேலையில் இருந்தபோது படித்தேன். சிஸ்டர் காண்ட்ரன் என்ற கன்னியாஸ்திரியின் பெயரை அந்தப் பெண்கள் என்னவாக மாற்றியிருக்கிறார்கள் என்பது பிடிபட்ட நொடியில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். கண்ணாடிக்கு அப்பால் நின்ற வாடிக்கையாளர் பயந்து பின்வாங்கினார். என் அனுபவம் அவ்வளவுதான்.

ஆனால் புதிதாகப் படிக்க வருபவர்களுக்குச் சில செய்திகளைச் சொல்லியாக வேண்டும். முதலாவதாக, அகராதியைத் தொடாதீர்கள். இந்த நாவலில் உரையாடலுக்கு மேற்கோள் குறி இல்லை, பேச்சு கோடுகளில் தொடங்கும். 'டிட்னே', 'கான்னே', 'வீ' என்ற ஸ்காட்லாந்துப் பேச்சுச் சொற்கள் கண்ணுக்குத்தான் அந்நியம், வாய்விட்டுப் படித்தால் காது தானாகப் புரிந்துகொள்ளும். முதல் முப்பது பக்கங்களைக் கதவைச் சாத்திக்கொண்டு சத்தமாகப் படியுங்கள். அதற்குள் எந்தக் குரல் மாண்டா, எந்தக் குரல் கைலா, எது செல் என்று பெயர் இல்லாமலே தெரிந்துவிடும். இரண்டாவதாக, படத்தை முதலில் பார்க்காதீர்கள். மைக்கேல் கேட்டன்-ஜோன்ஸ் இயக்கிய அந்தப் படம் பெயரில்லாத துறைமுகத்தை ஃபோர்ட் வில்லியம் என்று ஆக்கிவிட்டது. பெயரில்லாமல் இருப்பதால்தான் அது யாருடைய ஊராகவும் இருக்கிறது. மூன்றாவதாக, நோயிலிருந்து மீண்டு லூர்து வரை போய்வந்த ஓர்லாவின் பகுதிகளை அவசரமாகத் தாண்டாதீர்கள். தோழிகள் நாளையைப் பற்றி அலட்சியமாகப் பேசும் இடத்திலெல்லாம் அவள் என்ன செய்துகொண்டிருக்கிறாள் என்று மட்டும் கவனியுங்கள். நான்காவதாக, 2010இல் புக்கர் நெடும்பட்டியலில் இடம்பெற்ற தொடர்ச்சியான 'த ஸ்டார்ஸ் இன் த பிரைட் ஸ்கை' நாவலைக் கட்டாயம் படியுங்கள். வளர்ந்துவிட்ட தோழிகள் மலிவுப் பயணம் ஒன்றுக்காகக் கேட்விக் விமான நிலையத்தில் கூடுகிறார்கள். கைக்குழந்தைக்காரியாகிவிட்ட மாண்டா கடவுச்சீட்டைத் தொலைத்துவிட, எல்லோரும் அங்கேயே தங்கிவிடுகிறார்கள். மூன்றாம்மாடி சொல்லும் அந்த இடைவெளி அதில்தான் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது.

இளம்பெண்களின் அந்தரங்கப் பேச்சை ஓர் ஆண் எழுதலாமா என்று யாராவது இங்கே கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: எழுதலாம், எழுதியிருக்கிறார்.

மூன்றாம்மாடி எழுதியது:

எழுதலாம் என்று தீர்ப்புச் சொல்பவரும் ஓர் ஆணாகவே இருப்பதைக் கவனித்தேன். பேச்சு உண்மையாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெண்கள் உடை மாற்றுவதை வார்னர் வருணிக்கும் இடங்களில், அறைக்குள் ஏழாவதாக ஒருவர் நிற்பதாக எனக்குத் தோன்றியது. அதே நாவலை ஆறு நடிகைகள் தங்கள் உடலால் சொன்னபோது அந்த ஏழாமவர் வெளியேற்றப்பட்டிருக்கலாம். அந்த வகையில் கோட்டைத்தெரு பார்த்தது நான் படித்ததைவிட நேர்மையான வடிவமோ என்று இப்போது யோசிக்கிறேன்.

மேற்குக்கரை எழுதியது:

இழையைத் தொடங்கியவள் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். மூன்றாம்மாடி எழுதியதைப் படித்த பிறகு, போன வாரம் அந்தப் புத்தகத்தைப் பணியாளர் அறை மேசையில் வேண்டுமென்றே விட்டுவிட்டு வந்தேன். மறுநாள் அது அங்கே இல்லை. நான் யாரிடமும் கேட்கவில்லை. நேற்று, அன்று என் தோளுக்கு மேலாக எட்டிப் படித்த அந்தச் சக பணியாளர் கைப்பையைத் திறந்து மூக்குக்கண்ணாடியைத் தேடியபோது உள்ளே அதன் அட்டை தெரிந்தது. பாதிக்கு மேல் ஓரிடத்தில் தாளின் முனை மடிக்கப்பட்டிருந்தது. நான் தாளை மடிப்பவளல்லள். அவர் நான் பார்த்ததைப் பார்த்துவிட்டு, "பன்னிரண்டாம் அறைக்கு மருந்து கொடுத்தாயிற்றா, ஹென்?" என்று கேட்டார்.